ட்ரையாசிக் ஊர்வன ஒன்றின் பேரினத்தை மாற்றும்போது

ஒரு சிற்றினத்தைப் பேரினம் மாற்றும் வேலை என்றதும் பலரும் நேரே கணினியில், எது எதற்கு உறவு என்று காட்டும் கிளை மரம் வரையப் போகிறார்கள். நாங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவோம். அந்தப் பெயர் எந்த எலும்பின்மேல் நிற்கிறது, அதாவது அதன் மூல மாதிரி எது என்பதுதான் முதல் கேள்வி. அந்த எலும்பு தகராறில் இருந்தால் மரம் எவ்வளவு உறுதியாக வந்தாலும் பயனில்லை.

பாராசூக்கஸ் ஹிஸ்லோபியின் வரலாற்றைப் படித்தால் இது நன்றாகப் புரியும். இன்றைய தெலங்கானாவில், பிராணஹிதா-கோதாவரி பள்ளத்தாக்கின் மலேரி பாறைப் படிவுகளில் கிடைத்த பைட்டோசார் (அழிந்துபோன ஊர்வன வகை) அது. முதலையைப் போல நீண்ட மூஞ்சி. ரிச்சர்ட் லிடெக்கர் 1885இல் விவரித்தபோது, அவர் கையில் இருந்த துண்டுகளில் ரிங்கோசார் என்ற வேறொரு ஊர்வனத்தின் எலும்பும் கலந்திருந்தது. பின்னால் அதைப் பிரித்து, ஒரு மூஞ்சித் துண்டை லெக்டோடைப்பாக, அதாவது பழைய துண்டுகளிலிருந்து பிறகு தேர்ந்தெடுத்த மூல மாதிரியாக வைத்தார்கள். ஆனால் அந்தத் துண்டில் தெரியும் பண்புகள் வேறு பல பைட்டோசார்களுக்கும் பொது. 1991இல் ஹன்ட்டும் லூகாஸும் பெயரையே ஐயத்துக்குரியது என்று ஒதுக்கினார்கள். இவ்வளவுக்கும் 1978லேயே சங்கர் சாட்டர்ஜி ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூடுகளை விவரித்திருந்தார். நல்ல எலும்பு இருந்தது. பெயர்தான் அதன்மேல் இல்லை.

தீர்வு, விலங்கியல் பெயரிடல் ஆணையத்துக்கு மனு. சாட்டர்ஜி 2001இல் மனுவை வெளியிட்டார். 2003இல் 2045ஆம் கருத்துரை வழியாக ஆணையம் லெக்டோடைப்பை விலக்கி, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆர் 42 எண் கொண்ட மாதிரியை நியோடைப்பாக, அதாவது அதற்குப் பதிலான புது மூல மாதிரியாக ஏற்றது. எனவே மனு தேவைப்படும் வேலைக்கு ஆண்டுக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். நியோடைப்பாக முன்வைக்கும் மாதிரி, முடிந்தவரை மூல இடத்துக்கும் அதே படிவுக்கும் அருகிலிருந்து வந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்க வேண்டும்.

அடுத்தது அருங்காட்சியக மேசை. அதிகத் தவறு நடப்பது இங்கேதான். பழைய மண்டையோடுகளில் பிளாஸ்டர் பூசி வண்ணம் அடித்திருப்பார்கள். புற ஊதா விளக்கில் பிளாஸ்டரும் எலும்பும் பெரும்பாலும் வேறுவேறாக ஒளிரும். பிளாஸ்டர் உள்ள இடத்துக்குப் பண்புப் பட்டியலில் கேள்விக்குறிதான் போட வேண்டும், பண்பின் நிலையை ஊகித்து 0 அல்லது 1 என்று குறிக்கக்கூடாது. மேலிருந்து நசுங்கிய மண்டையோட்டில் அகலம் கூடியும் உயரம் குறைந்தும் தெரியும். கண்குழி பார்க்கும் திசைகூட மாறிவிடும். அதனால் விகித அளவுகளைவிட, எந்த எலும்பு எதைத் தொடுகிறது என்ற பண்புகளை நாங்கள் அதிகம் நம்புகிறோம். வயதையும் பாருங்கள். முதலைகளில் முள்ளெலும்பின் வளைவும் உடலும் இணையும் கோடு வாலில் முதலில் மூடும், கழுத்தில் கடைசியில். கழுத்தில் கோடு திறந்திருந்தால் அது முழு வளர்ச்சி அடையாத விலங்காக இருக்கலாம். குட்டியின் வடிவத்தைத் தனிச் சிற்றினத்தின் அடையாளமாக எண்ணி ஏமாறுவது எளிது.

நூலில் உள்ள படத்தைப் பார்த்துப் பண்புகளைக் குறியிடுவதைக் கூடிய மட்டும் தவிருங்கள். இரண்டு எலும்புகள் சேரும் இடமாக மையில் வரைந்த பொருத்துக் கோடு பல நேரம் வெறும் விரிசல்.

இனி மரம். பாராசூக்கஸ், பேலியோரைனஸ் போன்ற முந்தைய பைட்டோசார்களில் மூக்குத்துளை, கண்ணுக்கு முன்னுள்ள திறப்பையும் தாண்டி முன்பக்கம் இருக்கும். பிந்தைய பைட்டோசார்களில் பின்னால் நகர்ந்துவிடும். முன்பக்க மூக்கு மூதாதையிடமிருந்து வந்த பழைய நிலை. அதை மட்டும் வைத்து இரண்டை ஒரே பேரினம் என்று சொல்ல முடியாது. இணைப்பைத் தாங்குபவை புதிதாகத் தோன்றிய பகிர்ந்த பண்புகளே. காமரர், பட்லர், பந்த்யோபாத்யாய், ஸ்டாக்கர் ஆகியோர் 2016இல் புதிதாக ஆராய்ந்து, வயோமிங், ஜெர்மனி பேலியோரைனஸ் சிற்றினங்கள் ஹிஸ்லோபியோடு ஒரே கிளையில் சேர்வதைக் காட்டினார்கள். டிஎன்டி என்ற கிளை மரம் வரையும் மென்பொருளில் ஓட்டும்போது, சிற்றினத்தைப் பழைய இடத்திலேயே கட்டாயப்படுத்தி இன்னொரு முறை ஓட்டுங்கள். மரத்துக்குத் தேவையான பண்பு மாற்றங்களில் ஒரே ஒரு படிதான் கூடுகிறது என்றால் பெயரில் கை வைக்காதீர்கள்.

பெயர் விதி எளிது. பாராசூக்கஸ் 1885, பேலியோரைனஸ் 1904, மூத்ததே நிற்கும். பேலியோரைனஸ் பிரான்சோனி பாராசூக்கஸ் பிரான்சோனி ஆகும்போது, முதலில் பெயர் வைத்தவரையும் ஆண்டையும் சொல்லும் வில்லிஸ்டன், 1904 என்பது அடைப்புக்குறிக்குள் போகும். சிற்றினப் பெயர் உரிச்சொல்லாக இருந்தால் ஈறு பேரினத்தின் பாலுக்கு ஏற்ப மாறும். ஹிஸ்லோபி போல ஆள் பெயரிலிருந்து வந்த உடைமைப் பெயர் மாறாது. புதுப் பேரினமே வைப்பதானால் அந்தப் பெயர் வேறு எந்த விலங்குக்கும் இல்லை என்று தேடிவிடுங்கள். மலேரியில் கிடைத்த டைனோசர் ஒன்றுக்கு வாக்கேரியா என்பது 1987இல் வைத்த பெயர்; ஒரு பாசிவிலங்குக்கு அது ஏற்கெனவே இருந்ததால் 1994இல் அல்வாக்கேரியா ஆயிற்று. கட்டுரை மின்னிதழில் மட்டும் வருமானால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் முன்கூட்டியே பதிந்து, பதிவுச் சான்றைக் கட்டுரைக்குள்ளேயே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பெயர் செல்லாது.

எல்லாம் முடிந்ததும் மாதிரிப் பெட்டியில் புதுச் சீட்டை வையுங்கள். பழைய சீட்டை எடுத்துவிடாதீர்கள். எந்தப் பெயரில் எந்த எண் இருந்தது என்று அடுத்து வருபவர் தேடுவது அதில்தான்.