பேரேட்டில் ஒரு பீலி

பீலி என்றால் மயிலிறகு என்று மட்டும் படித்திருந்த நான், பாம்பன் பக்கத்தில் மீனை உலர்த்தி விற்கும் கருவாட்டு வாடி ஒன்றில் கணக்கெழுதச் சேர்ந்தபோது, பேரேட்டில் அந்தச் சொல்லுக்கு நேரே ரூபாயைக் கண்டேன்.

இராமநாதபுரம் கடற்கரையில் பீலி என்பது சுறாவின் செட்டை. முதுகில் நிற்பது ஒன்று, பக்கங்களில் விரிவன இரண்டு, வாலின் கீழ்மடல் ஒன்று என நான்கும் சேர்ந்தால் ஒரு செட்டு. வாலின் மேல்மடலில் முதுகெலும்புத் தொடர் ஓடுவதால் நார் குறைவு, ஆகவே மதிப்பும் குறைவு. காய்ந்த செட்டையின் தோலை நீக்கினால் உள்ளே ஊசி ஊசியாய் நார் இருக்கும். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் சூப்புக்குத் தேடப்பட்டது அதுதான். சுறாவின் உடம்பை அள்ளித் தராசில் போட்டவர்கள், பீலியை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள்.

'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளில் பீலி இலேசான பொருளுக்கு எடுத்துக்காட்டு. புறநானூற்றின் 95ஆம் பாட்டில், போரே காணாத தொண்டைமானின் படைக்கலங்களை 'பீலி அணிந்து, மாலை சூட்டி' வைத்திருக்கிறார்கள் என்று ஔவையார் பாராட்டுவதுபோல் எள்ளுகிறார். பெண்களின் கால்விரல் அணிக்கும் அதே பெயர் உண்டு. இவை யாவும் ஒரே வேரில் கிளைத்தவை என்று சாதிக்க நான் முன்வரமாட்டேன். ஆயினும் விரிந்து நிற்கும் செட்டையைக் கண்ட கண்ணுக்கு மயிலின் பீலி தோன்றியதில் வியப்பில்லை.

சுறாவைச் செட்டையோடு சேர்த்தே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி 2013இல் வந்தது. 2015 பிப்ரவரியில் எல்லாச் சுறாக்களின் செட்டை ஏற்றுமதிக்கும் தடை வந்தது. மயிற்பீலியை ஏற்றுமதி செய்யவும் நம் நாட்டில் தடை உண்டு. பெயரால் ஒன்றான இரண்டும் சட்டத்தாலும் ஒன்றானது, தமிழ் படித்துவிட்டுக் கணக்கெழுதுபவனுக்கு மட்டுமே தென்படக்கூடிய வேடிக்கை.

தடையை விளக்கி வாடிக்கு வந்த துண்டறிக்கையில் 'சுறாத் துடுப்பு' என்று அச்சிட்டிருந்தார்கள். கரையில் துடுப்பு என்றால் வள்ளம் வலிப்பது. "துடுப்ப எதுக்குத் தம்பி தடுக்குறாக?" என்று எடை போடும் பெரியவர் கேட்டார். "பீலியத்தான்யா சொல்றாக" என்றேன். அதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை. எந்தச் சரக்கு தேங்கும், யாருக்கு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதை அவரே அடுக்கத் தொடங்கிவிட்டார். துடுப்பு என்பது பாடநூலுக்குப் பொருந்தலாம். ஆனால், ஒரு விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் சொல் இருக்கையில், அதை விட்டு வேறொன்றைத் தேடுவது வீண் வேலை என்றே இன்றும் கருதுகிறேன். சுவரில் ஒட்டுவதற்கு முன், துடுப்பு வந்த இடமெல்லாம் பேனாவால் 'பீலி' என்று எழுதினேன்.

அடுத்து வந்த பேரேட்டில் பீலிக்கென்று பத்தி இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊறும் என்று வாங்குவோர் குறையாததால், பால்சுறாக் கருவாட்டுக்கு மட்டும் பழையபடி ஒரு பத்தி ஒதுக்கினோம்.