உமிச் சாம்பலும் 218 கார்களும்

போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் ஒட்டடை அடிப்பார்கள், பரணிலிருந்து வெண்கலப் பானைகள் இறங்கும், ஜன்னல் கம்பிகூட ஈரத்துணிக்குத் தப்பாது. அன்று நான் கண்ணாடி பீரோவின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். பீரோவுக்குள் 218 பொம்மைக் கார்கள் இருக்கின்றன. அத்தனையும் டைகாஸ்ட், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் செலுத்தி வார்த்தவை. "ஊரையே துடைக்கிற நாளில் இதையும் ஒரு துடைப்பு துடைத்தால் என்ன?" என்று மனைவி ஆண்டுதோறும் கேட்கிறாள். துடைக்கக் கூடாது. அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் வீடு மன்னார்குடியில், ஒரு புழுங்கல் அரிசி ஆலைக்குக் கிழக்கே இருக்கிறது. தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கினால் வைக்கோல் தூசு தெருவெல்லாம் மிதக்கும். அது பரவாயில்லை, மெத்தென்று உட்காரும், ஊதினால் போய்விடும். வம்பு ஆலையிலிருந்து வருவது. கொதிகலனுக்கு எரிபொருள் உமி. அதன் சாம்பல் புகைபோக்கி வழியாகக் கிளம்பி, ஆனி ஆடி மேல்காற்றில் நேராக எங்கள் கொடியில் காயும் வேட்டிக்கு வந்து கறுப்புப் பொட்டு வைக்கும். உமிச் சாம்பலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் சிலிக்கா. மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே சரக்குதான். என் பாட்டி உமிக்கரியால் பல் துலக்கினாள், அடிப்பிடித்த பானையையும் அதனாலேயே தேய்த்தாள். பானைக்கரியைத் தின்கிற பொருள் காரின் பெயின்டை மட்டும் சும்மா விடுமா?

இது எனக்குப் புரியப் பத்து ஆண்டுகள் ஆயின. அதுவரை பழைய பனியனைக் கிழித்துத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கருநீலக் கார் ஒன்றை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். கூரை முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய வட்டக் கீறல்கள். நான் அன்போடு சுற்றிச் சுற்றித் துடைத்த அதே வட்டங்கள். தூசு எந்தக் காரையும் கெடுத்ததில்லை, துடைத்த கைதான் கெடுத்திருக்கிறது.

இப்போது அமாவாசைதோறும் வேலை. அன்று ஆலைக்கு விடுமுறை, காற்று தெளிவாக இருக்கும். ஒரு தடவைக்குப் பதினைந்து கார்களுக்கு மேல் எடுப்பதில்லை. மேசையில் தடித்த துண்டு விரித்துக்கொள்வேன், கை தவறி விழுந்தாலும் பெயின்ட் தெறிக்காது. காரைத் தலைகீழாகப் பிடித்து, புகைப்படக்காரர்கள் லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் பந்தால் நான்கு முறை ஊதுவேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அதன் பிறகு முகப்பவுடர் போடும் பிரஷ். மனைவியுடையது, ஒரு நாள் கேட்காமல் எடுத்துவிட்டேன், அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. முன்னிருந்து பின்னுக்கு ஒரே போக்கில், அழுத்தாமல், மயிலிறகால் தடவுவதுபோல இழுக்க வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

விரல் எண்ணெய் படிந்து தூசு பிசுக்காகிவிட்ட கார்களுக்கு மட்டும்தான் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும். அதனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து, குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டு விடுவேன். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, பிழிந்து, அழுக்கின் மேல் உருட்ட வேண்டும். உருட்டினால் அழுக்கு பஞ்சில் ஏறிக்கொள்ளும், தேய்த்தால் பெயின்டில் இறங்கும். வெள்ளியாய் மின்னும் பம்பர் பக்கமே குச்சி போகக் கூடாது. பல கார்களில் அது பிளாஸ்டிக் மேல் படிந்த மெல்லிய உலோகப் படலம்தான், இரண்டு முறை தேய்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஸ்டிக்கர் நம்பர் பிளேட்டுக்கும் ஈரம் ஆகாது. காரை அப்படியே கிண்ணத்தில் முக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அடித்தட்டின் இடுக்கில் புகுந்த நீர் உள்ளேயே தங்கி, ஒரு மாதம் கழித்து சக்கரங்களைக் கோக்கும் அச்சுக் கம்பியில் துருவாக எட்டிப் பார்க்கும்.

கொரோனாக் காலத்தில் அக்கா மகன் கிருமி போகட்டும் என்று ஒரு போலீஸ் ஜீப்பின் மேல் சானிடைசர் அடித்துத் துடைத்தான். கிருமியோடு முகப்பு விளக்கும் கதவில் இருந்த எழுத்துகளும் போயின. சித்தி செய்தது அதற்கும் மேல். வெளியூரிலிருந்து வந்தவர், வெள்ளை அம்பாசடரின் அடித்தட்டு மங்கியிருக்கிறதே என்று இரக்கப்பட்டு, குத்துவிளக்கு தேய்க்கும் கையோடு அதற்கும் புளி போட்டுவிட்டார். விளக்கு பித்தளை, புளிக்கு அசராது. இந்தக் கார்கள் துத்தநாகக் கலவை, கூட நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அலுமினியம். புளிப்பு பட்டால் துத்தநாகம் கரையும். அடித்தட்டு சாம்பல் திட்டாகிவிட்டது. சித்தியிடம் பளபளப்பாக இருக்கிறது என்று சொன்னேன், வேறென்ன சொல்வது.

எந்தப் பராமரிப்புக்கும் கட்டுப்படாத நோய் ஒன்றும் உண்டு. சென்னையில் பழைய சாமான் கடை ஒன்றில் மலிவாகக் கிடைத்த கார், வாங்கி இரண்டு ஆண்டில் முகப்பில் கோடு விட்டது, பிறகு கதவு உப்பியது, கடைசியில் அப்பளம்போல நொறுங்கியது. வார்க்கும்போதே கலவையில் ஈயம் கலந்துவிட்டால் இப்படித்தான், ஈரக்காற்று பட்டால் நொறுங்குவது இன்னும் வேகமாகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் பொம்மைக் கார்கள் பலவற்றுக்கும் இதே கதிதான்.

ஈரம் என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபோது கூரையில் ஓடுகள் பறந்து பீரோவின் மேல்தட்டு நனைந்தது. மின்சாரம் வரப் பல நாட்கள் ஆயின. குடிக்கத் தண்ணீர் தேடிய நாட்களில் பொம்மைக் காரை யார் நினைப்பார்கள்? திறந்து பார்த்தபோது ஒன்பது கார்களின் அச்சுக் கம்பிகள் துருவேறி இறுகியிருந்தன. தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைத்து ஆறைச் சுழல வைத்தேன். அன்றிலிருந்து தட்டுக்கு இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல். சாம்பலில் வந்து கீறுகிற அதே சிலிக்கா இங்கே மணியாக உட்கார்ந்து ஈரத்தைக் குடிக்கிறது. ஈரம் குடித்து நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடுகாட்டித் திரும்ப வைப்பேன். பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

அந்த அம்பாசடரை வாங்கித் தந்தவர் அப்பா. இந்த ஊர் ஸ்டாண்டில் இருபத்தைந்து ஆண்டுகள் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். 2014-இல் கொல்கத்தா பக்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்ற செய்தியைக் கேட்டு அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர். அவர் தந்த பொம்மை நிஜக் காரில் 43-இல் ஒரு பங்கு அளவு, பத்து சென்டிமீட்டர் நீளம். என் பஞ்சுக்குச்சி வித்தைகளை அவர் மதிப்பதில்லை. இரண்டு வாளி தண்ணீர், ஒரு சாக்கு, கால் மணி நேரம், அதுதான் அவருக்குக் கார் கழுவுவது.

போன அமாவாசையன்று சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கை நீட்டினார். கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையில் வைத்து மட்டம் பார்த்தார். துரு எடுக்கும்போது நான் அழுத்தியதில் முன் அச்சு ஒரு நூல் வளைந்திருந்தது, யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"தம்பி, முன்னால் இடது டயரில் காற்று கம்மியாக இருக்கிறது பார்" என்றார்.