18ஆ, 16ஆ

அந்தப் பெடியனை நான் கோர்ட்டுக்கு அனுப்பவில்லை. இதைத்தான் முதலில் சொல்ல வருகிறது. எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்வதும் இதுதான்.

2019 மார்கழி. இரவு மெயில் ரயில் மழையோடு வந்து நின்ற விடியப்புறம், திருகோணமலை ஸ்டேசன் கேற்றில் ரிக்கெட் பார்க்கிறவனாக நான். அவன் நீட்டிய மட்டை ரிக்கெட் சேட்டுப் பையில் ஊறி, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி இருந்தது. கொழும்புக் கோட்டை, திருகோணமலை, மூன்றாம் வகுப்பு. இரவுக் கோச்சியில் வருகிறவனிடம் முந்தின நாள் திகதிதான் இருக்கும், 18 இருக்கவேண்டும். ரோச் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது 16. போதாக்குறைக்கு இரண்டு ஓட்டை. பாவித்த ரிக்கெட்டைக் கேற்றில் கொடுக்காமல் தண்டவாளப் பக்கத்தால் நழுவி, இன்னொரு நாள் அதையே நீட்டுகிற ஆட்களை நான் காணாதவனில்லை.

ஒரே இரவில் இரண்டு தரம் பரிசோதித்தாலும் இரண்டு ஓட்டைதான் விழும். இந்த யோசனை எனக்குப் பிறகுதான் வந்தது. அப்படித்தான் நினைக்கிறேன்.

"தம்பி, இது பழைய ரிக்கெட்."

"இல்ல அண்ணன், நேத்துப் பின்னேரம் வரிசையில நிண்டு எடுத்தனான். வடிவாப் பாருங்கோ."

வடிவாகத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க 16 ஆகிக்கொண்டு வந்தது.

"மூவாயிரம் தண்டம், அதோட ரிக்கெட் காசு இரட்டிப்பு. கட்டினா இதோட முடிஞ்சுது. இல்லையெண்டால் பொலிஸ், பிறகு நீதவானுக்கு முன்னால போய் நிக்கவேணும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் கக்கத்தில் பொலித்தீன் சுற்றிய பெரிய கவர் ஒன்று இருந்தது. எக்ஸ்ரே கவர். "வெளிநாட்டுக்குப் போற யோசனையோ? பொலிஸ் ரிப்போட் கேப்பாங்கள், தெரியுந்தானே" என்றும் சொன்னேன்.

சொன்னது பொய்யில்லை. பிள்ளையொன்று வழக்கில் மாட்டக்கூடாது என்றுதான் சொன்னேன். 1902ஆம் ஆண்டு ரயில்வேக் கட்டளைச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவனை அலைய வைப்பதில் எனக்கென்ன லாபம்? ஆனால் அவன் முகம் அந்த இடத்தில்தான் மாறியது. தண்டம் மூவாயிரம் என்றபோது மாறவில்லை.

"கட்டாருக்கு, அண்ணன். மெடிக்கல் முடிச்சிட்டு வாறன்" என்றான். பிறகு, "கட்டுறன். ஆனா நான் களவு செய்யேல்ல."

"அதை ஆர் கேட்டது?" என்று சொல்லியிருக்கிறேன். எந்த நேரத்தில் அந்த வாய் வந்ததோ.

அன்புவழிபுரத்திலிருந்து அக்கா சைக்கிளில் வந்தா. நூறு ரூபாத் தாள்களும் சில்லறையும் ஒரு கைலேஞ்சியில். அவ என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை, தம்பியைத்தான் ஏசினா. அவ நம்பியதும் என்னைத்தான்.

ரசீதை மடித்து வைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "அந்த ரிக்கெட்டைத் தருவீங்களா?"

"அது ஒபிசுக்குப் போகவேணும்." விதி அப்படித்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இப்போது கழுத்தைப் பிடிக்கிற விசயம் திகதி இல்லை. ஒவ்வொரு மட்டை ரிக்கெட்டிலும் தொடர் இலக்கம் இருக்கிறது. கவுண்டரில் ஒவ்வொரு நாளும் எந்த இலக்கத்தில் தொடங்கி எந்த இலக்கத்தில் விற்பனை முடிந்தது என்று கணக்கு எழுதுவார்கள். கோட்டைக்கு ஒரு போன் கோல் எடுத்து இலக்கத்தைச் சொன்னால், 16இல் விற்றதா 18இல் விற்றதா என்று தெரிந்துவிடும். இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. புதுப் பெடியன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

ஏன் எடுக்கவில்லை? கேற்றில் சனம், மழை, விடியப்புறம் கோட்டையில் ஆர் புத்தகத்தைத் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று பல காரணம் வைத்திருக்கிறேன். அத்தனையும் சரியான காரணங்கள். அவன் மறுத்திருந்தால் எடுத்திருப்பேன், கோர்ட்டுக்கு ஆதாரம் வேண்டுமே. கட்டச் சம்மதித்தபடியால் தேவைப்படவில்லை.

கோர்ட்டுக்கே அனுப்பியிருந்தால் அவனுக்கு நல்லதா? அப்படியும் துணிந்து சொல்லமாட்டேன். தவணை, லோயர் காசு, அதற்குள் விசா போயிருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் ரிக்கெட்டுகளைக் கட்டி அனுப்பும்போது அது காய்ந்து வளைந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன். பார்க்காமல் கட்டுக்குள் செருகிவிட்டேன். இலக்கத்தின் கடைசி இரண்டும் 47 என்று ஞாபகம். அதுவும் அந்த ரிக்கெட்டினதா, கட்டில் அதற்குமேல் கிடந்ததினதா, தெரியவில்லை.