எக்ஸ்-விங்: ஆர்க் முதலில், ரேஞ்ச் பிறகு

எக்ஸ்-விங் என்ற ஸ்டார் வார்ஸ் மினியேச்சர் கப்பல் விளையாட்டில், மேசையில் வாக்குவாதம் வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் வரும்: ரூலரை எங்கிருந்து எங்கே வைப்பது? இரண்டு பேஸ்களுக்கும் (கப்பல் மாடல்கள் நிற்கும் அடித்தட்டுகள்) நடுவே மிகக் குறுகிய இடத்தில் ரூலரை வைத்து, "ரேஞ்ச் 1, எனக்கு ஒரு டைஸ் கூடுதல்" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது தவறு. சுடும்போது அளக்க வேண்டியது எதிரிக் கப்பல் முழுவதையும் அல்ல, நம் ஆர்க்குக்குள் (கப்பல் சுடக்கூடிய கோணப் பரப்பு) விழுந்திருக்கும் அதன் பகுதியை மட்டும்.

இங்கே எழுதுவதெல்லாம் 2018இல் ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் வெளியிட்ட இரண்டாம் பதிப்பின் விதிகளை வைத்து. அட்டாமிக் மாஸ் கேம்ஸ் 2022இல் கொண்டுவந்த மாற்றங்கள் சிலவற்றைத் திருத்தின, முக்கியமாக ரேஞ்ச் 0ஐ (பேஸ்கள் தொட்டுக்கொண்டிருக்கும் நிலை). எனவே எந்த விதியில் ஆடுகிறோம் என்பதை முதல் டயல் (கப்பலின் நகர்வைத் தேர்ந்தெடுக்கும் வட்டு) வைப்பதற்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது.

ரூலர் 300 மி.மீ. நீளம், 100 மி.மீ.க்கு ஒரு ரேஞ்ச். சிறிய பேஸ் 40 மி.மீ., நடுத்தரம் 60, பெரியது 80. இப்போது ஒரு டி-65 எக்ஸ்-விங் கப்பல், எதிரே சற்று வலப்புறமாக ஒரு டை ஃபைட்டர். டையின் அருகிலிருக்கும் மூலை 95 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, ஆனால் அந்த மூலை ஆர்க் கோட்டுக்கு வெளியே. கோட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியில் மிக அருகிலுள்ள புள்ளி 110 மி.மீ. அப்படியானால் இது ரேஞ்ச் 2 தாக்குதல். எக்ஸ்-விங்குக்கு 3 சிவப்பு (தாக்கும்) டைஸ், டைக்கு 3 பச்சை (தற்காப்பு). தவறாக ரேஞ்ச் 1 என்று எடுத்திருந்தால் 4 சிவப்பு உருண்டிருக்கும். சிவப்பு டைஸின் எட்டு முகங்களில் நான்கு அடி (ஹிட்) அல்லது கிரிட்டிக்கல். ஆக, ஒரு டைஸ் என்பது சராசரியாக அரை அடி. ஹல் (தாங்கக்கூடிய அடிகள்) 3 மட்டுமே உள்ள டைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எனவே வரிசையை மாற்றாதீர்கள். பேஸின் மேல் பொருத்திய டோக்கனில் அச்சிட்ட ஆர்க் கோட்டின் மேல் ரூலரின் விளிம்பை வைத்து எதிரி பேஸ் வரை நீட்டுங்கள். பேஸின் ஏதாவது ஒரு பகுதி உள்ளே வந்தால் போதும், சுடலாம். உள்ளே வரும் பகுதி எதுவரை என்று விரலால் குறித்துக்கொண்டு, அதற்கு மட்டும் ரேஞ்ச் அளங்கள். பேஸின் முன்னும் பின்னும் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன முனைகள் கணக்கில் வராது. மேலே நிற்கும் மாடலின் இறக்கையோ மூக்கோ அறவே வராது. மில்லேனியம் ஃபால்கன் மாதிரி பெரிய மாடல்கள் பேஸையே மறைத்துவிடும். அப்போது மாடலைக் கழற்றி வைத்துவிட்டு அளப்பதில் தவறே இல்லை. பெரிய பேஸ்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம் வரும்: 80 மி.மீ. நீளம் ஆர்க் கோட்டின் குறுக்கே கிடந்தால், வெளியே இருக்கும் பாதி ரேஞ்ச் 1இலும் உள்ளே இருக்கும் பாதி ரேஞ்ச் 2இலும் இருப்பது சாதாரணம்.

அடுத்த குழப்பம், பைலட்டுகளின் திறன்களையும் கூடுதல் ஆயுதங்களையும் சொல்லும் கார்டுகளின் வாசகம். தாக்குதலின் ரேஞ்ச் என்று கார்டு சொன்னால் ஆர்க்குக்குள் அளந்த எண். வெறுமனே ரேஞ்ச் என்று சொன்னால் ஆர்க்கைப் பற்றிக் கவலையில்லாமல் பேஸுக்கும் பேஸுக்கும் உள்ள மிகக் குறுகிய தூரம். பைலட் ஃபென் ராவின் கூடுதல் டைஸ் முதல் வகை: தாக்குதல் ரேஞ்ச் 1ஆக இருக்க வேண்டும். பைலட் ஹவுல்ரன்னர் இரண்டாம் வகை: அவரிடமிருந்து ரேஞ்ச் 0–1இல் இருக்கும் நட்புக் கப்பல் பிரதான ஆயுதத்தால் சுடும்போது ஒரு டைஸை மறுபடி உருட்டலாம். லாக் (எதிரியை இலக்காகப் பூட்டிக்கொள்ளும் செயல்) எடுப்பதும் இரண்டாம் வகைதான். அதனால் லாக் கிடைத்த கப்பல் ஆர்க்குக்குள் ரேஞ்ச் 3க்கு அப்பால் இருந்து, சுட முடியாமல் போவதும் நடக்கும். அதில் எந்த முரணும் இல்லை.

புல்ஸ்ஐ (கப்பலுக்கு நேர் முன்னால் செல்லும் குறுகிய பட்டை) இன்னும் நுணுக்கமானது. பிரெடேட்டர் கார்டு, எதிரி புல்ஸ்ஐக்குள் இருந்தால் ஒரு டைஸை மறுபடி உருட்டச் சொல்கிறது. ஆனால் சுடும் ஆர்க் முன் ஆர்க்தான், எனவே ரேஞ்சையும் முன் ஆர்க்கில் அளக்க வேண்டும். ஹெவி லேசர் கேனன் என்ற ஆயுதக் கார்டில் நிலைமை வேறு. அது புல்ஸ்ஐயில் மட்டுமே, ரேஞ்ச் 2–3இல் மட்டுமே சுடும். அதனால் ரேஞ்சும் அந்தக் குறுகிய பட்டைக்குள்ளேயே அளக்கப்படும். எதிரியின் பேஸ் சாய்ந்து நின்று, அருகிலுள்ள மூலை பட்டைக்கு வெளியே 90 மி.மீ.யிலும், பட்டைக்குள் இருக்கும் பகுதி 105 மி.மீ.யிலும் இருந்தால், ஹெவி லேசர் சுடலாம். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் விதிப்படி சரி. எதிராளி மறுத்தால் பட்டையின் இரு கோடுகளையும் ரூலரால் காட்டுங்கள், பேச்சு தானாக முடியும்.

டார்பிடோ, ஏவுகணைகளுக்கு ரேஞ்ச் போனஸ் (தூரத்தைப் பொறுத்துக் கிடைக்கும் கூடுதல் டைஸ்) கிடையாது. புரோட்டான் டார்பிடோ ரேஞ்ச் 3இல் பாய்ந்தாலும் எதிரிக்குக் கூடுதல் பச்சை டைஸ் இல்லை. ஆனால் நடுவில் விண்கல் இருந்தால்? அந்தத் தடைக்கான பச்சை டைஸ் உண்டு. அது ரேஞ்ச் போனஸ் அல்ல, தனி விதி. இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. தடையைப் பார்க்கவும் அதே அளவுக்கோடுதான். ஆர்க்குக்குள் அளந்த குறுகிய கோட்டின் வழியில் கல் வந்தால்தான் தடை. பக்கத்தில் கிடக்கிறது என்பதற்காகத் தடை ஆகிவிடாது. விளிம்புகள் இணையாக நின்று ஒன்றுக்கு மேற்பட்ட குறுகிய கோடுகள் கிடைத்தால், கல்லைத் தொடாத கோட்டைத் தாக்குபவர் எடுத்துக்கொள்ளலாம்.

ரேஞ்ச் 0 பற்றி நீட்ட வேண்டியதில்லை. பேஸ்கள் தொட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பதிப்பில், வழக்கமான தாக்குதல் இல்லை. விதிவிலக்கு இருந்தால் கார்டிலேயே எழுதியிருக்கும்.

அளவு தவறுவதற்குக் கையும் கண்ணும்தான் காரணம். உட்கார்ந்த இடத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் ரூலரின் தடிமனே ஒன்றிரண்டு மி.மீ. ஏமாற்றும். எழுந்து நின்று நேர் மேலிருந்து பாருங்கள். ரூலரைப் பேஸ்மேல் உரசாமல் மேலே பிடியுங்கள். உரசினால் கப்பல் நகரும், நகர்ந்த பிறகு எதை அளந்தாலும் பயனில்லை. லேசர் கோடு போடும் சின்னக் கருவி இருந்தால் ஆர்க் பார்க்க அதுதான் மிகச் சிறந்தது: கோடு டோக்கனில் அச்சிட்ட கோட்டின் முழு நீளத்திலும் ஒன்றிவிழ வேண்டும், நுனியில் மட்டும் பொருந்தினால் போதாது. அளப்பதற்கு முன் கப்பலை எடுக்க நேர்ந்தால் பேஸின் மூன்று பக்கமும் டெம்ப்ளேட்டுகளை (கப்பலை நகர்த்தப் பயன்படும் அட்டைகள்) ஒட்டி வைத்துவிட்டு எடுங்கள்.

சுடும் கட்டத்தில் உங்கள் முறை வந்ததும், இலக்கைச் சொல்வதற்கு முன்பே எத்தனை எதிரிக் கப்பல்களுக்கும் ரேஞ்ச் அளந்து பார்க்கலாம். அந்த உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. டயல் வைக்கும் கட்டத்தில் ரூலரைத் தொடக்கூடாது. மயிரிழையில் நிற்கும் ஆர்க்கை இருவரும் வேறு வேறாகப் பார்த்தால், மூன்றாவது ஒருவரைக் கூப்பிட்டு, யாருடைய கப்பல் எது என்று சொல்லாமல், "இந்த பேஸ் இந்தக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா?" என்று மட்டும் கேளுங்கள்.