லிஸ்பன் கார்மோ மடம்: கூரை மீண்டும் ஏறாத கோயில்

லிஸ்பன் நகரின் தாழ்வான கடைவீதிப் பகுதியிலிருந்து, 1902-இல் திறக்கப்பட்ட சாந்தா ஜுஸ்தா இரும்பு மின்தூக்கியில் மேலேறினால், கார்மோ மடத்துக் கோயிலின் தெற்குச் சுவரை ஒட்டிச் செல்லும் நடைபாலத்தை அடையலாம். அங்கே முதலில் என் கண்ணில் பட்டவை, அச்சுவரைத் தாங்கி நிற்கும் பெரிய முட்டு வளைவுகளே. செங்குத்தாகச் சரியும் குன்றின் விளிம்பில் இவ்வளவு பெரிய கோயிலை எழுப்பத் துணிந்தவர் யார் என்ற வியப்பு அப்போதே எழுந்தது.

அவர் நுனோ ஆல்வரேஸ் பெரேரா. 1385-இல் அல்ஜுபரோட்டாப் போரில் அண்டை அரசான காஸ்டீலின் படையை முறியடித்துப் போர்ச்சுகலின் தனியாட்சியைக் காத்த தளபதி. 1389-இல் இந்த மடத்தை நிறுவிக் கார்மேல் சபைத் துறவிகளுக்கு அளித்த அவர், 1423-இல் தம் செல்வத்தைத் துறந்து, குருப்பட்டம் பெறாத எளிய சகோதரராகத் தாமே இங்கு வந்து சேர்ந்தார். 1431-இல் இறந்த அவருக்கு 2009-இல்தான் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா நாள். காலைத் திருப்பலிக்காக ஆலயங்கள் நிறைந்திருந்த வேளையில் நிலம் நடுங்கியது. பின்னர் ஆழிப்பேரலையும் பெருந்தீயும் நகரை அழித்தன. கார்மோ கோயிலின் கூரை இடிந்து விழுந்தது, மடத்தின் நூலகம் அழிந்தது.

நானும் பலரைப் போல, இன்று காண்பது அந்த நடுக்கம் விட்டுச்சென்ற மிச்சம் என்றே எண்ணியிருந்தேன். அது பாதி உண்மைதான். 1756-இல் துறவிகள் மறுகட்டுமானத்தைத் தொடங்கினர். நடுக்கூடத்தின் தூண்களிலும் கூர்வளைவுகளிலும் பெரும்பகுதி, கோதிக் என்னும் பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணியைப் பின்பற்றி அப்போது எழுந்தவையே. 1834-இல் அரசு துறவற சபைகளைக் கலைத்ததும் பணி நின்றுபோனது. மடத்தின் வசிப்பிடம் படையினரின் பாசறையாயிற்று. 1974 ஏப்ரல் 25 அன்று படைப் புரட்சியின்போது பிரதமர் மார்செலோ கயெத்தானோ தஞ்சம் புகுந்து, 48 ஆண்டுச் சர்வாதிகாரம் முடிவுக்கு வந்ததும் அங்கேதான். கோயில் 1864-இல் தொல்லியலாளர் சங்கத்திடம் சேர்ந்து அருங்காட்சியகமானது. சிதைவுகளின் அழகைப் போற்றிய அக்காலத்தவர் கூரை போடாமல் விட்டது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

அடுக்கடுக்கான கூர்வளைவுகள் கொண்ட மேற்கு வாசலைக் கடந்து படிகளில் இறங்கியதும் மூன்று பத்திகளாக நீளும் கூடம் விரிகிறது. தலைக்கு மேல் வளைவுகளின் எலும்புகளும் அவற்றுக்கிடையே நீல வானமும் மட்டுமே. ‘சன்னல்’ என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்த நாட்டில், கண்ணாடியற்ற அந்தச் சன்னல்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கே பீடப் பகுதியில் மட்டும் கல் விதானம் உண்டு. அங்குள்ள காட்சிக்கூடத்தில், சாந்தாரெங் நகரிலிருந்து கொண்டுவந்த அரசர் முதலாம் ஃபெர்னாந்துவின் சிற்பங்கள் செறிந்த கல்லறைப் பேழையைக் கண்டேன்.

திரும்பும்போது ஒவ்வொரு தூணின் அருகிலும் நின்று, பழைய கல் எங்கே முடிந்து புதிய கல் எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். இரண்டு தூண்களில் கண்டுபிடித்ததாகத் தோன்றியது. மற்றவற்றில் என் கண்ணுக்கு அந்த எல்லை புலப்படவில்லை.