சீடனுக்கு விட்டுப்போன லூட்

இரண்டு மாதமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் பழைய உயில்களோடுதான் உட்காருகிறேன். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், கேன்டர்பரி உயில் நீதிமன்றத்தின் 1384 முதல் 1858 வரையிலான பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தக் காலத்துக் கையெழுத்து லேசில் பிடிபடாது. ‘சி’ பார்க்க ‘ஆர்’ போல இருக்கும். ஆனால் சொத்து விவரம் ஒவ்வொன்றும் ‘ஐட்டம்’ என்று தொடங்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது மெல்ல வசப்படும்.

வயது விஷயத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பர்ட் 1622இல் எழுதிய உயிலில் தனக்கு எண்பதாவது வயது நடப்பதாகச் சொல்கிறார். 1598ஆம் ஆண்டு ஆவணமோ அவருக்கு அப்போதே 58 வயது இருக்கும் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பொருள்களைப் பற்றி உயில் பேசும்போது எனக்கு நம்பிக்கை அதிகம்.

நான் பாஸ் வயோல் என்ற, வில்லால் வாசிக்கும் பழைய தந்தி வாத்தியம் பழகுவதால் கண் அந்தச் சொல்லையே தேடும். அகஸ்டின் பிலிப்ஸின் உயிலில் அது கிடைத்தது. ஷேக்ஸ்பியரின் குழுவில் நடித்தவர், வாத்தியமும் தெரிந்தவர். உயில் எழுதிய நாள் 1605 மே 4, நீதிமன்றம் ஏற்றது மே 13. அந்த ஒன்பது நாளுக்குள் மனிதர் போய்விட்டார்.

ஷேக்ஸ்பியருக்கு அவர் விட்ட 30 ஷில்லிங் தங்கக் காசைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் பெரிது. பழைய சீடன் சாமுவேல் கில்பர்னுக்கு 40 ஷில்லிங், எலி நிற வெல்வெட் கால்சட்டை, ஊதா மேலங்கி, வாள், குத்துவாள், கூடவே பாஸ் வயோல். அப்போது பயிற்சியில் இருந்த ஜேம்ஸ் சாண்ட்ஸுக்கு 40 ஷில்லிங்கோடு ஒரு சிட்டர்ன், ஒரு பண்டோரா, ஒரு லூட். மூன்றும் மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியங்கள்.

பாஸ் வயோலோடு இந்த மூன்றையும் சேர்த்து நான்காகப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இசையமைப்பாளர் தாமஸ் மார்லி 1599இல் ஆறு வாத்தியக் குழுவுக்கென்று அச்சிட்ட தொகுப்பில் இருப்பவை இதே நான்கும், ஒரு புல்லாங்குழலும், ஒரு சின்ன வயோலும்தான். கிட்டத்தட்ட ஒரு கச்சேரிக் குழுவே பிலிப்ஸ் வீட்டுக்குள் இருந்திருக்கிறது!

சாண்ட்ஸுக்கு அந்த மூன்றும் உடனே கைக்கு வரவில்லை. ஒப்பந்தப்படி பயிற்சிக் காலம் முடிந்த பிறகே கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். படுக்கையில் கிடந்தபோதும், பையன் பாதியில் விட்டுவிடக் கூடாதே என்றுதான் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வரியை மட்டும் நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.