ஒருசந்தி, பீடி, சீனி டப்பா

இந்த வருஷம், 2026இல், பிப்ரவரி 18 சாம்பல் புதன், கத்தோலிக்கர்களான எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் தவக்காலம் ஆரம்பிக்கிற நாள். இன்னும் ஒரு வாரம்தான். நேற்று சாயங்காலம் மதினி வந்து, "ஏம்மா, இந்தத் தடவையும் கூட்டாச் செய்யுறோமா, இல்ல அவங்கவங்க பாடா?" என்று கேட்டார். போன தவக்காலத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இனிப்பையும் மற்ற கழிசடைப் பழக்கங்களையும் விட்ட கதையை எழுதச் சொல்லி ரெண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள், நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனியும் தள்ளினால் சீனி டப்பாவை மேல் தட்டில் ஏற்றுகிற நாள் வந்துவிடும், அன்றைக்கு நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசுகிற நிலையில் இருக்கமாட்டேன்.

நாங்கள் பாம்பன்காரர்கள். எங்கள் பக்கம் தவக்காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. திருச்சபைச் சட்டப்படி வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். 14 வயசு முடிந்தவர்கள் கறி தொடக்கூடாது, மீன் சாப்பிடலாம். வாரம் முழுக்க மீனைத் தின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுக்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை கறியை விடுவது என்ன பெரிய தவம்? அதனால்தானோ என்னவோ எங்கள் அப்பத்தா 40 நாளும் மீனையே தொடமாட்டார், ரசமும் பருப்புத் துவையலும்தான், கருவாட்டு வாசனை வந்தால் கூட எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அம்மாவும் அதே ரத்தம். எழுபதைத் தாண்டிவிட்டது, ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுகிற ஒருசந்தியை இன்னும் விடுவதில்லை. ஒருசந்திக் கடமை 18 வயசிலிருந்து 59 வரைக்கும்தான், அதுவும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான் என்று நான் சட்டம் பேசினால், "சட்டமெல்லாம் வக்கீலுக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

எனக்கு மீனை விடுவது கஷ்டமே இல்லை. என் நோய் சீனி. ஒரு நாளைக்கு அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன், அதுவே பத்து ஸ்பூன் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு ஸ்பூனுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது, நான் மத்தியானத்துக்குள் அதைத் தாண்டிவிடுவேன். இதில் சாயங்காலம் கடைக்குப் போனால் வாங்குகிற சீனி மிட்டாய் கணக்கில் வராது.

தனியாக விட்டுப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ தவக்காலம். திங்கள் நின்று வியாழன் விழுவேன், விழுந்தது எனக்கு மட்டும்தானே தெரியும் என்று அடுத்த நாளிலிருந்து கணக்கைப் புதிதாக ஆரம்பிப்பேன், கடைசியில் ஈஸ்டர் வரும்போது நான் பிடித்தது மொத்தம் எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. 2024இல் அபராதம் வைத்தோம். யார் இனிப்புத் தின்றாலும் தவக்கால உண்டியலில் பத்து ரூபாய். ஒரு வாரம் எல்லாரும் பயந்தார்கள். ரெண்டாவது வாரம் அண்ணன் மகன் காலையிலேயே உண்டியலில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு, "அத்தை, கட்டிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு லட்டை எடுத்தான். அவனைச் சொல்லி என்ன, நானும் ரெண்டு நாள் அப்படிச் செய்தேன். அபராதம் என்று வைத்தது லட்டின் விலையாகிவிட்டது. உண்டியல் என்னமோ நன்றாக நிறைந்தது.

அதனால் 2025இல் அபராதத்தைத் தூக்கிவிட்டு ஜோடி போட்டோம். முதல் விதி, புருஷன் பொண்டாட்டி ஜோடி கூடாது. இது மதினியின் விதி, இதற்கு நோபல் பரிசு கொடுக்கலாம். அண்ணன் பீடியை விடுவது, அவருக்கு ஜோடி அவருடைய படகு டிரைவர். மதினி ராத்திரி ரீல்ஸ் பார்ப்பதை விடுவது, ஜோடி அம்மா. அம்மா விட்டது டிவி நாடகம். எனக்கு ஜோடி பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருஷம் மார்ச் 2 ரமலான் முதல் நோன்பு, மார்ச் 5 எங்கள் சாம்பல் புதன். லாத்தாவுக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நோன்பு திறக்கும்போது குடிக்கிற சர்பத்தை விட வேண்டும் என்று அவரே வந்து கேட்டார். ரெண்டாவது விதி ஒன்றே ஒன்று. விழுந்தால் அன்றைக்கு ராத்திரி படுப்பதற்குள் ஜோடியிடம் சொல்லிவிட வேண்டும். கேட்டவர் "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

இதில் அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சாம்பல் புதன் பூசையில் வாசிக்கிற மத்தேயு நற்செய்தி என்ன சொல்கிறது? நோன்பு இருக்கிறவன் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டக்கூடாது, தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொண்டு மறைவாக இருக்க வேண்டும் என்கிறது. "நீங்க என்னடான்னா வாட்ஸ்அப்புல குரூப் போட்டுத் தவம் பண்றீங்க." பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். வீட்டில் எல்லாருக்கும் டீ போடுகிறவள் நான், அண்ணன் சட்டைப் பையைத் துவைக்கிறவர் மதினி, எங்கள் வீட்டில் மறைவு என்று ஒன்று எங்கே இருக்கிறது? ஆனாலும் அம்மா சொன்னது உறுத்தியது, குரூப்பைக் கலைத்துவிட்டோம். ஜோடிக்குள் மட்டும்தான் பேச்சு. இப்போது நினைத்தால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது, ஏனென்றால் ஆறு பேர் முன்னால் "விழுந்துட்டேன்" என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்.

முதல் நாலு நாள் எனக்குத் தலைவலி, எல்லார் மேலும் எரிச்சல். சீனி போடாத டீ சுடுதண்ணி மாதிரி இருந்தது. அம்மா கருப்பட்டியைக் கொண்டு வந்து வைத்தார், அது இனிப்பில்லையாம், மருந்தாம். பனைக்காட்டு மாவட்டத்தில் பிறந்தவர்களிடம் கருப்பட்டியைப் பற்றி வாதாடவே முடியாது, சாயல்குடிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர் கொண்டு வந்து கொடுத்தது வேறு. லாத்தாவிடம் தீர்ப்புக் கேட்டேன். "இனிக்குதா?" என்றார். இனிக்குது. "அப்ப இனிப்புதான்." முடிந்தது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமைத் தகராறு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரைக்கும் எண்ணினால் 46 நாள் வரும், ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. அப்படியென்றால் ஞாயிறு தின்னலாமா? தின்னலாம் என்று முதல் ஞாயிறு ரெண்டு லட்டு தின்றேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் திரும்ப முதல் நாள் மாதிரியே இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிறையும் சேர்த்தே விட்டேன், பக்தியால் இல்லை, அந்தத் திங்கட்கிழமைக்குப் பயந்து.

அண்ணன் கதைதான் பெரிது. கடலுக்குப் போகிறவர்களுக்குப் பீடி வெறும் பழக்கம் இல்லை. காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை, வலையை விட்டுவிட்டுத் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்குத் துணை அதுதான். டிரைவர் இந்துக்காரர், வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். "மாலை போட்டா 41 நாள் தொடமாட்டேன், கழட்டுன அன்னைக்கே கடைக்கு ஓடுவேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் செய்தது என்ன தெரியுமா, படகில் பீடியே ஏற்றவில்லை. தன்னுடையதையும் கரையிலேயே விட்டுவிட்டார். வறுகடலை ஒரு கிலோ, சோம்பு ஒரு பொட்டலம். நிக்கோட்டின் ஏக்கம் முதல் ரெண்டு மூன்று நாள்தான் உச்சத்தில் இருக்கும், அப்புறம் மூன்று நாலு வாரத்தில் மெல்ல மெல்ல அடங்கும் என்பார்கள். அண்ணனுக்கு அந்த உச்சம் கடலிலேயே கழிந்தது, அங்கே இறங்கிக் கடைக்குப் போக முடியாது பாருங்கள். புகையிலையை விட உதவுகிற தேசிய இலவச எண் 1800 11 2356ஐ மதினி ஃப்ரிட்ஜ் மேல் எழுதி ஒட்டினார். அண்ணன் கூப்பிடவே இல்லை. உங்கள் வீட்டில் யாராவது கூப்பிடட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 14, 15 கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. அது எப்போதும் தவக்காலத்தை ஒட்டியே வரும், கொடியேற்றிய அன்று சாயங்காலம் அங்கேயே, இயேசுவின் பாடுகளைப் பதினாலு ஸ்தலமாக நின்று ஜெபிக்கிற சிலுவைப்பாதை நடக்கும், மறுநாள் காலையில் பூசை முடிந்து கிளம்ப வேண்டும். அண்ணன் போயிருந்தார், டிரைவர் போகவில்லை. பழைய கூட்டாளிகள், மணலில் ராத்திரி முழுக்கப் பேச்சு. பதினாலு ஸ்தலமும் முழங்கால் போட்டுவிட்டு வந்த மனுஷன், ராத்திரி ஒரு மணிக்கு யாரோ நீட்டிய பீடியை வாங்கிவிட்டார். ஒன்று இல்லை, மூன்று. தீவிலிருந்து போன் போகாது, அதனால் படுப்பதற்குள் சொல்ல வேண்டும் என்கிற விதியை நிறைவேற்ற முடியவில்லை. கரைக்கு வந்ததும் வீட்டுக்குக் கூட வராமல் நேராக டிரைவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்றாராம். இது எங்களுக்கெல்லாம் ஈஸ்டருக்குப் பிறகுதான் தெரியும். மதினிக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்த வீட்டில் சிலுவைப்பாதைக்குப் பதினைந்தாவது ஸ்தலம் ஒன்று சேர்ந்திருக்கும்.

மதினி, அம்மா ஜோடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணிக்கு மதினி போனை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும், அம்மா ரிமோட்டை மதினியிடம் கொடுத்துவிட வேண்டும். கையில் ஒன்றும் இல்லாமல் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் வாரம் சண்டை. அப்புறம் பழைய கதை. 1964 புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த சொந்தங்கள் யார் யார், எந்தெந்த ஊரில் ஒதுங்கினார்கள் என்று அம்மா சொல்லச் சொல்ல மதினி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டு இன்னும் முடியவில்லை.

எனக்குப் பெரிய சோதனை மார்ச் 31. பெருநாள். லாத்தாவுக்குச் சொந்தக்காரர்கள் கீழக்கரையில் இருக்கிறார்கள், அங்கிருந்து தொதல் வரும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரிந்து பளபளவென்று இருக்குமே, அது. அதோடு வட்டலாப்பமும் வரும். வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு முதல் தட்டு. அவருக்கு நோன்பு முடிந்துவிட்டது, எனக்கு இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது. கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, பெருநாள் தட்டைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு லாத்தா மூடின தட்டோடு வந்தார். திறந்தால் இடியாப்பமும் கறிக்குழம்பும், ஓரத்தில் ரெண்டு சமோசா. இனிப்பு ஒரு துண்டு கூட இல்லை. "பிள்ளைகளுக்குத் தனியாக் குடுத்துட்டேன், உங்க முன்னால தின்னக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார். நான் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன், சீனி இல்லாத உடம்பு எதற்கெடுத்தாலும் அழும்.

ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாம்பன் ரயில் பாலம் திறப்பு, ஊரே கூட்டம், எங்கே பார்த்தாலும் மிட்டாய். அதைத் தாண்டினேன். ஏப்ரல் 15 புனித வாரத்தின் செவ்வாய், அன்றைக்கே 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் ஆரம்பம். படகு கட்டியாயிற்று, அண்ணனுக்குக் கரையில் வேலை இல்லை, பீடிக்கடை நாலடி தூரம். அந்த வாரம் டிரைவர் தினமும் சாயங்காலம் வந்து, வலை பொத்த வேண்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு கிழிந்த வலை அந்தப் படகில் இருந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஏப்ரல் 20 உயிர்ப்பு ஞாயிறு. சனி ராத்திரிப் பாஸ்கா பூசை முடிந்து வந்து தூங்கி எழுந்தால் வாசலில் லாத்தா, கையில் எவர்சில்வர் டப்பா. கீழக்கரையில் சொல்லி வைத்துப் புதிதாகக் கிண்டி வாங்கிய தொதல். சர்க்கரை எல்லையில் இருக்கிறவர், அவர் ஒரு சின்னத் துண்டு எடுத்தார், எனக்கு ஒன்று கொடுத்தார். ஆறு வாரத்துக்குப் பிறகு அது தொண்டையைக் கட்டுகிற இனிப்பாக இருந்தது, போதும் என்று தோன்றியது. அவர் கிளம்பிப் போனதும் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.